சுவரில் வந்த உயரம்

2010, ஆவணி. வெள்ளி இரவு.

புரொஜெக்டரை வாங்குவதா விடுவதா என்று இன்னும் தெரியவில்லை.

"உங்கட சீடி ஒண்டைப் போட்டுப் பாருங்க, பிடிச்சா மறுகா எடுங்க" என்று களுவாஞ்சிக்குடிக் கடைக்காரத் தம்பி சொல்லியிருந்தான். மனைவி தன் தங்கையின் கலியாண சீடியைக் கொண்டுவந்தாள். வாகரையில் எங்கள் மகன் சுதனையும் வீட்டில் இருந்த படங்களையும் கடல் கொண்டுபோன பிறகு, அவன் இருப்பது அதில் மட்டும்தான். ஐந்து வயது. மணவறைக்கு முன்னால் கையில் வடையோடு நிற்பான். எங்கள் டிவியில் பெருவிரல் அளவுதான் தெரிவான்.

தம்பி கடைக் கதவைச் சாத்தினான். சுதன் சுவரில் வந்தான். பெட்டியைப் பின்னுக்கு நகர்த்த நகர்த்த வளர்ந்தான்.

"இன்னும் பெரிசாக்கலாம் அக்கா."

மனைவி சுவரோரம் போய் நின்றாள். அவன் தலை அவளுடைய தோளுக்கு வந்திருந்தது.

"காணும் தம்பி, நிப்பாட்டுங்க. இப்ப இவ்வளவுதான் வளந்திருப்பான்."

தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பல்ப் எத்தனை வருடம் எரியும் என்று கேட்டேன். பதில் காதில் ஏறவில்லை. பெட்டிக்கும் சுவருக்கும் இடையே பாதத்தால் அளந்தேன். பதினொரு அடி.

வீட்டுக்கு வந்து முன்னறையையும் அளந்தேன். சுனாமிக்குப் பிறகு கட்டித்தந்த வீடு. எட்டு அடிதான் வந்தது. இங்கே அவன் அவளுடைய இடுப்புக்குத்தான் வருவான்.

பாயில் படுத்தபடி அவள் சொன்னாள்: "வாசலுக்கு வெளியால வைப்பம். வருசம் வருசம் கொஞ்சம் பின்னுக்கு எடுக்கலாம்தானே."

மாரிக்கு நனையும் என்றேன்.

வேலி வரைக்கும் எத்தனை அடி என்று காலையில் அளக்கவேண்டும்.