ஐஸை யாரும் எடை போடவில்லை

செவ்வாய், ராத்திரி

இன்று காலை பாலத்து இறக்கத்தில் பிரேக்கை முழுசாக மிதித்தேன். பிக்கப் வண்டி நிற்கவில்லை, மதிலில் போய் இடித்தது. பக்கத்தில் இருந்த அத்தானுக்கு இடது கால் முட்டுக்குக் கீழே நொறுங்கிவிட்டது.

"எப்படி ஆச்சுலே?" என்று ஆஸ்பத்திரியில் அக்கா அழுதாள். பிரேக் பிடிக்கவில்லை என்றேன். நம்பிவிட்டாள்.

சாயங்காலம் மெக்கானிக் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார்.

"பிரேக்குக்கு ஒரு கொறையும் இல்ல மக்கா. எவ்வளவு லோடு?"

"ஆயிரம் கிலோ மீன். ஆயிரத்து இருநூறு வரை ஏத்தலாம்லா?"

"ஐஸு?"

ஹார்பரில் மீனைத்தான் எடை போடுவோம். ஐஸை மண்வெட்டியால் அள்ளிக் கொட்டுவதோடு சரி. மீனில் பாதி என்றாலும் ஐந்நூறு கிலோ வரும். போதாததற்கு, போன வருஷம் வண்டிக்கு நான் அடித்த இரும்புக் கூண்டு. எங்கள் ரெண்டு பேர் உடம்பு. இதையெல்லாம் ஒரு நாளும் நான் கூட்டிப் பார்த்ததே இல்லை. கடவுளே, இத்தனை நாள் எப்படி ஓட்டினேன்?

இப்போதுதான் அக்கா போன் பண்ணினாள். "அவிய கண்ணு முழிச்சுட்டாவ. ஒன்னத்தான் கேக்காவ."

என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "பின்னால ரொம்பத் தாழுதே மாப்ள" என்று ஹார்பரிலேயே சொன்னவர் அவர். "ஐஸுதானே, போற வழியில உருகிரும், ஏறுங்க அத்தான்" என்று சொன்னவன் நான்.

ஹார்பரிலிருந்து பாலத்துக்குப் பத்து நிமிஷம். ஒரு கட்டிகூட உருகியிருக்காது.