நான் சிபாரிசு செய்த நாடகங்கள்

2025 மார்ச் 11, செவ்வாய்

லேப்பில் இன்று கூட்டம் குறைவு. மதியத்துக்குள் 'சிறுமேடை' பக்கத்தை முடித்துப் பத்திரிகை ஆசிரியர் தவசி சாருக்கு அனுப்பிவிட்டேன். ஏப்ரல் இதழுக்கு மூன்று புது நாடகங்கள். மூன்றும் அரை மணிக்குள் முடிகிறவை, எழுதிய மூவரும் சின்ன வயசுக்காரர்கள்.

மதுரையிலிருந்து வருகிற ஒரு சின்ன மாத இதழில் மாதம் ஒரு பக்கம் என்னுடையது என்றால் லேப்பில் யாரும் நம்புவதில்லை. அருப்புக்கோட்டையில் சுகர் டெஸ்ட் எடுக்கிறவளுக்கு நாடகம் எதுக்கு என்று முதலாளியே கேட்டார். பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். எழுதுகிறவர்கள் பிரதியை போனுக்கு அனுப்புகிறார்கள். நான் படிக்கிறேன். போடலாம் என்று தோன்றுவதைப் பற்றி நாலு வரி எழுதி, எழுதியவரின் போன் நம்பரையும் கொடுக்கிறேன். பத்து மாதத்தில் இருபத்தெட்டு நாடகம்.

இரவுச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் இம்மானுவேல் கேட்டார்: "இதுல ஒண்ணையாவது யாராச்சும் போட்டாகளா?"

தெரியாது என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 15, சனி

நேற்று எழுதக் கை வரவில்லை. இன்று எழுதிவிட வேண்டும்.

திருச்சுழியிலிருந்து முருகலட்சுமி என்று ஒரு பெண் பேசினாள். தையல் யூனிட் வைத்திருக்கிறாள். ஆறு மெஷின், ஸ்கூல் யூனிபார்ம் தைக்கிறார்கள். அந்த ஆறு பெண்களும் சேர்ந்து மூன்று வருடமாகச் சுற்றுப்பட்டுத் திருவிழாக்களில் நாடகம் போடுகிறார்களாம்.

"மேடம், பதினேழாம் டோக்கன்னு ஒரு நாடகம், ரொம்ப நல்லாருக்கும்னு எழுதியிருந்தீகள்ல? அதை மாசித் திருவிழாவுல போட்டோம்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நாலு நிமிசம் ஓடுச்சு."

ஆஸ்பத்திரியில் டோக்கனோடு காத்திருக்கிற இரண்டு பெண்கள். பேச்சு கொஞ்சம், மௌனம் நிறைய. 'இதில் மூன்றாவது பாத்திரம் மௌனம்தான்' என்று நான் எழுதியிருந்தேன். இரண்டாவது மௌனம் வந்ததுமே மைக் அவுட்டாகிவிட்டது என்று சவுண்டு சர்வீஸ்காரர் மேடைக்கு ஓடி வந்துவிட்டாராம்.

"ஒயரைப் பிடிச்சு ஆட்டி, ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்ன்னாரு. அதுக்குத்தான் மேடம் ஜனம் கை தட்டுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"சிரிக்கிறீக. கோயில்ல வைகாசிப் பொங்கலுக்கும் எங்களைத்தான் கூப்பிடுறதா இருந்தாக. இப்ப ஆடல் பாடல் வச்சுக்கிறலாம்னு பேச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீக. போட்டுப் பாத்துத்தான் எழுதுறீகளா? இல்ல, படிச்சுட்டேவா?"

படிச்சுட்டுத்தான். வேற என்னத்தச் சொல்ல? இருபத்தெட்டு நாடகத்துல ஒண்ணக்கூட மேடையில பாத்தது இல்ல. வெக்கமாப் போச்சு. ஆறு பொம்பளைக மேடையில முழிச்சுக்கிட்டு நின்னுருக்காக, நான் இங்க உக்காந்து மூணாவது பாத்திரம் நாலாவது பாத்திரம்னு —

மார்ச் 18, செவ்வாய்

தவசி சாரிடம், அந்தச் சிபாரிசைத் திருத்தி ஒரு குறிப்புப் போட வேண்டும் என்றேன். "ஒரு ஊர்ல சரியா ஓடலேன்னா நாடகம் என்ன பண்ணும்? சிபாரிசை வாபஸ் வாங்குற பத்திரிகையை யாரும்மா மதிப்பா?" என்றார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதோ? தெரியவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் நான்கு நாடகங்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு திருச்சுழிக்குப் போனேன். முருகலட்சுமிக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு இருக்கும். மஞ்சள் டேப் கழுத்தில் தொங்குகிறது. வாங்க என்று ஒரு சொல். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"நான் படிச்சுக் காட்டத்தான் வந்தேன்" என்றேன்.

"நீங்க படிக்க வேணாம். நாங்க படிக்கோம். நீங்க கேளுங்க."

முதல் நாடகம் மூன்றாம் பக்கத்தில் நின்றது. இரண்டாவது அதற்கும் முன்னாலேயே. இரண்டும் நான் அடிக்கோடு போட்டுப் போட்டுப் படித்தவை. ராக்கம்மாள் என்பவர்தான் அங்கே மூத்தவர். ஒரு வசனம் வாயில் நுழையவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்ப்பார். இன்று எட்டுத் தடவை பார்த்தார்.

ஆனால் மதியம் அவர்கள் போட்ட கறிக்குழம்பு அருமை. அடுத்த ஞாயிறும் வரச் சொன்னார்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கிடைத்துவிட்டது!

'அண்டாவைக் கண்டவர்கள்.' எழுதியது செல்வலட்சுமி, இருபத்தாறு வயது, சாத்தூரில் மருந்துக்கடையில் வேலை. மகளிர் குழுவின் பொது அண்டா காணாமல் போகிறது. மறுநாள் கல்யாணம். நான்கு பெண்களும் உன்னிடம்தான் கொடுத்தேன், உன்னிடம்தான் கொடுத்தேன் என்கிறார்கள். படிக்கும்போதே சிரித்துச் சிரித்து முத்துத்தாய்க்கு விக்கல். அவர் பெரும்பாலும் கால்சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டு பேசாமல் இருப்பவர்.

கடைசியில் மட்டும் ஒருத்தி இரண்டு பக்கத்துக்குப் பேசுகிறாள். பெண்கள், ஒற்றுமை, உழைப்பு. வீட்டில் படித்தபோது எனக்குக் கண் கலங்கிய இடம் அதுதான். இங்கே அது பாதி ஓடும்போதே ராக்கம்மாள் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிட்டார்.

"இது நாடகம் முடிஞ்சப்புறம் வருது" என்றாள் முருகலட்சுமி. அவ்வளவுதான் அவள் விமர்சனம். என் பத்து மாதத்து நாலு வரிகளில் ஒன்றுகூட இவ்வளவு சரியாக இருந்ததில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

செல்வலட்சுமியிடம் போனில் சொன்னேன். "அந்தப் பேச்சுக்காகத்தான் நாடகமே எழுதுனேன். அதை எடுக்கணும்னா என் நாடகத்தைப் போடவே வேணாம்" என்று வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். வீடு நிறைய ஆட்கள். நாடகத்தைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. நினைக்கத்தான் செய்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

செல்வலட்சுமி நேரிலேயே வந்துவிட்டாள்! முருகலட்சுமிதான் அவளைக் கூப்பிட்டிருக்கிறாள். "ஒரு வார்த்தை விடாமப் படிக்கோம், வந்து கேளு தாயி. அப்புறம் நீ என்ன சொன்னாலும் சரி" என்றாளாம்.

சொன்னபடி ஒரு வார்த்தை விடவில்லை. அந்த இரண்டு பக்கத்தையும் ராக்கம்மாளே முழு மனசோடு படித்தார். செல்வலட்சுமி சுவரோரமாக உட்கார்ந்து கேட்டாள். முதல் பக்கத்தில் தலையாட்டினாள். இரண்டாம் பக்கத்தில் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தாள். அவள் எழுதியதைக் கேட்கும்போது அவளே ஃபேனைப் பார்க்கிறாள்! முடிந்ததும் எழுந்து வந்து, பேனாவை வாங்கி, இரண்டு பக்கத்தையும் அடித்துவிட்டு ஒரு வரியை மட்டும் விட்டாள்: "சரி, அண்டா கெடச்சுச்சு. யாரு வெளக்குறது?"

ஆறு பேரும் கை தட்டினார்கள். பிறகு அவளுக்கு அளவெடுத்து ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்து அனுப்பினார்கள்.

மே 14, புதன்

விழாக் கமிட்டியிடம் முருகலட்சுமி பேசிவிட்டாள். ஆடல் பாடலுக்கு முன்னால் இருபது நிமிடம். "சரியில்லேன்னா நீங்க சொல்ல வேணாம், நாங்களா எறங்கிருவோம், அப்புறம் இந்த ஊர்ல மேடையே கேக்க மாட்டோம்" என்று சொல்லியிருக்கிறாள். எதுக்கு அப்படிச் சொன்னாள்? சிபாரிசு என்னுடையதல்லவா?

மே 28, புதன்

முத்துத்தாய் மாடிப்படியில் தவறிவிட்டார். கால் வீங்கிக் கிடக்கிறது, பத்து நாள் காலைத் தொங்கவிட்டு உட்காரக்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீதி ஐந்து பேரில் மூன்று பேருக்கு வேஷம் இருக்கிறது, இரண்டு பேருக்கு மைக், சாமான் பெட்டி வேலை.

"வசனம் முழுக்கத் தெரிஞ்ச ஆளு இன்னும் ஒண்ணு இருக்குல்லக்கா" என்றாள் முருகலட்சுமி. யார் என்று கேட்டேன். போனில் பதில் வரவில்லை.

அந்த மௌனம் நன்றாகவே விளங்கியது.

ஜூன் 2, திங்கள்

நேற்று நடந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

சாயங்காலம் ஏழு மணி. திடல் நிறைய ஜனம், முக்கால்வாசி ஆடல் பாடலுக்கு இடம் பிடிக்க வந்தவர்கள். எனக்கு நாகம்மா வேஷம். நாடகம் முழுக்க ஓர் ஓரத்தில் உட்கார்ந்தபடியே பேச வேண்டும். 'நாகம்மா அண்டாவைக் கவிழ்த்து, சேலை போர்த்தி, அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள்' என்று பிரதியில் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி. ஒத்திகையில் துணி மூட்டைமேல் உட்கார்ந்துதான் பழகியிருந்தோம். அந்த வரியை நான் பெரிதாக நினைத்ததே இல்லை.

மேடையில் நிஜ அண்டா. முருகலட்சுமி "அண்டாவைக் காணோமே" என்று அழுத மறுநொடி, முன்னால் இருந்த பிள்ளைகள் கத்தினார்கள்: "அந்தா! அந்த அக்கா அதுமேலதான் உக்காந்துருக்கு!"

திடலே சிரித்தது. பயத்தில் வசனம் மறந்துபோய் எழுந்து நின்றுவிட்டேன். சேலை சரிந்து அண்டா பளபளவென்று தெரிகிறது. நாடகம் அங்கேயே முடிந்தது என்றுதான் நினைத்தேன். முருகலட்சுமி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "ஏத்தா நாகம்மா, பெரியவுக பேசும்போது எதுக்கு எந்திரிக்க? உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். அதற்கு விழுந்த சிரிப்பில் என் வசனமும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் அண்டா என்று சொன்னாலும் பிள்ளைகள் என்னைக் கை காட்டினார்கள். இருபது நிமிட நாடகம் இருபத்தெட்டு நிமிடம் ஓடியது.

இறங்கியதும் கமிட்டித் தலைவர் வந்தார். "அடுத்த வருசமும் இதே அண்டாதானா, இல்ல வேறயா?" என்றார். முருகலட்சுமி மேடைக்குப் பின்னால் போய் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

இம்மானுவேல் வீடியோ எடுத்திருக்கிறார். முழுக்க ஆடுகிறது. சிரித்தேன் என்கிறார்.

ஜூன் 6, வெள்ளி

ஜூலை இதழுக்கு ஒரே ஒரு நாடகம். கூடவே ஒரு குறிப்பு: 'பதினேழாம் டோக்கன் நல்ல நாடகம். ஆனால் நாற்பது பேர் உட்காருகிற அறைக்கானது, திருவிழாத் திடலுக்கு அல்ல. இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.'

"மூணு போடுற எடத்துல ஒண்ணா?" என்றார் தவசி சார்.

"ஒண்ணுதான் சார் போட்டுப் பாத்தோம்."

"மீதி எடத்துல போட்டோ போடலாம். அண்டாவோட இருக்கா?" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

வீரசோழனில் நாடகம். முத்துத்தாய்க்குக் கால் சரியாகிவிட்டது, அதனால் இன்று எனக்கு வேலை இல்லை. முதல் தடவையாகக் கீழே ஜனத்தோடு உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஓர் அம்மா, மடியில் காய்கறிப் பை. ரோட்டையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்புட்டு நேரம் ஓடும்மா?"

"அரை மணி நேரம்."

"ஆறரை பஸ்ஸு போயிருமே. நல்லாருக்குமா?"

"நல்லாருக்கும். இருங்க."

என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்தார்.

எனக்கும் அந்த பஸ்தான்.