அப்பாவின் சட்டைப் பையில் ரேம்

என் செல்லச் சில்வண்டுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் நன்றாக இருக்கிறேன், அப்பா தானும் நன்றாக இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார், இந்த வீட்டில் இப்போதைக்கு உடம்பு சரியில்லாதது அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் அவர் பேப்பர் படிக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார், மெசேஜ் போட்டால் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்துவிடுவார். இது அவருக்குத் தெரியக்கூடாத சமாசாரம், அதனால்தான் கூரியரில் போடுகிறேன்.

எனக்கு மனசே சரியில்லை. போன வாரம் அப்பா ஒரு வீட்டு பிளானைத் திருத்திக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் பாதியில் நின்றுபோய்விட்டது. மறுபடி ஆன் செய்து, அவசரத்தில் திருத்தாத பழைய பிளானையே, வரைகிற வேலை கொடுக்கிற இஞ்சினியருக்கு அனுப்பிவிட்டார். அங்கே கொத்தனார் குளியலறைக்குக் கதவு வைக்கிற இடத்தில் சுவரை எழுப்பிவிட்டார். இத்தனை வருஷத்தில் உன் அப்பா வரைந்ததில் ஒரு கோடு தப்பியதாக யாரும் சொன்னதில்லை. இஞ்சினியர் கத்தவில்லை, கத்தியிருந்தால் கூடத் தேவலை. "அடுத்த மாசத்துலேர்ந்து எல்லாம் புது வெர்ஷன்லதான் வரும் சார், உங்க மெஷின்ல திறக்காது, முடியலேன்னா சொல்லிடுங்க, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று தன்மையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்றிலிருந்து இவர் அந்தத் திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு முழங்காலில் கை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். வேலை போய்விட்டால் இந்த மனுஷன் என்ன ஆவாரோ. சும்மா இருக்கத் தெரியாத ஆள், உனக்கே தெரியும்.

சரி என்று கம்ப்யூட்டர் கடைக்காரரை வரவழைத்தேன். திறந்து பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். எஸ்.எஸ்.டி. என்று வேகமான டிஸ்க் ஒன்று போட்டால் சீக்கிரம் ஆன் ஆகுமாம், ஆனால் புதுப் படங்களைத் திறக்க அது காணாதாம். ரேமைக் கூட்டலாம் என்றால் இந்த போர்டுக்குப் பொருந்துகிற ரேம் இப்போது புதிதாக வருவதில்லை, யாரோ கழற்றிப் போட்டதைத் தேடித்தான் மாட்ட வேண்டுமாம். "போர்டை மாத்தினா ப்ராசஸர் மாத்தணும், ப்ராசஸர் மாத்தினா ரேம் மாத்தணும், கடைசியில பழசுன்னு மிஞ்சறது இந்த டப்பாதாம்மா, பேசாம புதுசா ஒண்ணு அசெம்பிள் பண்ணிக்கோங்க, மூணு வருஷம் வாரண்டி, எது போனாலும் நானே வந்து பாத்துடறேன்" என்றார். நீயும் போனில் அதையேதான் சொன்னாய், பணம் அனுப்புகிறேன் என்றும் சொன்னாய். ஆனால் உன் அப்பா தலையை ஆட்டவே இல்லை. கடைக்காரருக்குக் காபி கொடுத்து வாசல் வரைக்கும் போய் அனுப்பிவிட்டு வந்து, இன்னும் ஓடும், பார்க்கலாம் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கஞ்சத்தனம் என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

அது கஞ்சத்தனம் இல்லை என்று ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. துணி மடித்துக்கொண்டே ஜன்னல் வழியாகத் தற்செயலாகப் பார்த்தேன். காலையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை அணைத்தார், பக்கத்து மூடியைக் கழற்றினார், ஸ்கேல் துண்டு மாதிரி இருக்கிற அந்த ரேமைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் உனக்குப் போன் பண்ணி, ஆன் ஆகவே மாட்டேங்குது, பீப் பீப்னு கத்துது என்றார். நீ பாவம், ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டச் சொல்லி முக்கால் மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாய். அவர் பையிலிருந்து எடுத்து, படம் வரைகிற நல்ல ரப்பரால் அதைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டே, "எந்த ஓட்டைல மாட்டணும், முதல்லயா ரெண்டாவதுலயா" என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அவர் வேண்டாம் என்று சொல்லியும் நீ அத்தனை தூரம் வேலைக்குக் கிளம்பின அன்றைக்கு அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை, அது தப்புதான், நான் அவர் பக்கம் பேசவில்லை. நீயும் கோபத்தில், இனிமேல் இந்த வீட்டு விஷயம் எதையும் என்னிடம் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். மூன்று வருஷமாக அவர் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் மட்டும் வீட்டு விஷயம் இல்லையாம், அது நீ படிக்கிற காலத்தில் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பாகம் பாகமாக மாட்டியது, அவர் டார்ச் பிடித்தார், அதனால் அதைக் கேட்கலாமாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டி, என்ன கூத்து இது என்று நேராகவே கேட்டேன். பக்கத்து மூடியின் திருகை இறுக்கினார். பிறகு, "புதுசு வந்தா வாரண்டி இருக்கும், கெட்டுப்போனா கடைக்காரர் வருவார், அப்புறம் நான் அவகிட்ட எதைக் கேட்டுப் பேசறது" என்றார்.

அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், நீ தட்டாமல் கேள். டப்பா அப்படியே இருக்கட்டும், ஸ்கெட்ச் பேனாவால் நீ அதில் வரைந்த வண்டு இன்னும் அழியவில்லை. உள்ளே எல்லாம் புதிதாக இருக்கட்டும். கடைக்காரர் சாமானை மட்டும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகட்டும், மாட்டுவது அப்பா, சொல்வது நீ. மாதம் முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, ஒரே நாளில் முடித்துவிடாதே, ஒரு நாள் போர்டு, ஒரு நாள் ப்ராசஸர் என்று நடக்கட்டும். நான் டார்ச் பிடிக்கிறேன். எதையாவது ஒடித்துவிடுவாரோ என்று பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் பரவாயில்லை. ரேமை எங்கே மாட்டுவது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது என்றே நினைத்துச் சொல்லு. சட்டைப் பை விஷயம் உனக்குத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாதே. ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே. எல்லாம் மாட்டி முடித்து, ஆன் ஆகி, சரிம்மா என்று அவர் போனை வைக்கப் போவார். அப்போது வைக்க விடாதே. சாப்பிட்டீர்களா அப்பா என்று ஒரு வார்த்தை கேள்.

எந்தக் குறையும் இல்லாமல், நினைத்ததெல்லாம் கூடிவந்து, சிரித்த முகமாக நீ நீண்ட நாள் இருக்க வேண்டும். ஹீட்டரை அணைத்துவிட்டுத் தூங்கு.

இரண்டு பேருக்கும் நடுவில் டார்ச்சோடு நிற்கும்
உன் அம்மா