கோணாமல் கீறிய கோடு

பிள்ளைகளைத் தேடும் தாய்மாரின் கொட்டிலுக்குக் கொண்டுபோக வெள்ளைத் தாள் தேடி இன்று காலை அலுமாரியின் கீழ்த்தட்டைக் கிளறியபோது, உன் அடிமட்டம் காலடியில் விழுந்தது. பலகை அடிமட்டம். முதல் அங்குலம் தேய்ந்துபோய் இரண்டில்தான் தொடங்கும். எடுத்து மணந்து பார்த்தேன். உன் பைக்குள் கிடந்த எந்தச் சாமானிலும் கருவாட்டு மணம் இருக்கும். இதில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இல்லாமலும் இருக்கலாம். எனக்கு இருக்கிறது.

நீ போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. அண்ணன் சிறையிலிருந்து வந்து ஐந்து மாதம். யாருக்காக ஊர் ஊராக அலைந்தாயோ அந்த மனிதரை நீ ஒருநாளும் நேரில் காணவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு, "உன்ர அண்ணனுக்குக் காது பெரிசு. சொல்லுறதைக் கேக்கிற ஆள்போல கிடக்கு" என்றாய். சொல்வதைக் கேட்கிற ஆளாக இருந்திருந்தால் உள்ளே போயிருக்கமாட்டார் என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

நாம் சிநேகிதமானது வவுனியா முகாமில், தண்ணீர் வரிசையில். சண்டை முடிந்த கையோடு எல்லோரையும் கம்பி வேலிக்குள் வைத்திருந்த நாட்கள். யாரோ தள்ளிவிட்ட என் வாளியை எடுத்து நீ உன் வாளிக்கு முன்னால் வைத்தாய். "நீர் முன்னுக்கு நில்லும். சண்டை பிடிக்கத் தெரியாத ஆள்போல" என்றாய். ஒரு கிழமையில் அந்த 'நீர்' போய் 'நீ' வந்துவிட்டது. நீ முல்லைத்தீவுக் கரைக்காரி, மாதா கோயில். நான் விசுவமடுவில் வயல் செய்கிற குடும்பம், பிள்ளையார் கோயில். நம் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: ஒவ்வொருத்திக்கும் ஓர் ஆள் அரசாங்கத்தின் கையில். என் ஆள் எந்தச் சிறையில் என்று எனக்குத் தெரியும். உன் மகன் எங்கே என்று உனக்குத் தெரியாது. சண்டையின் கடைசி நாளில், விசாரித்துவிட்டு விடுவோம் என்று ஆமிக்காரர் சொன்னதை நம்பி உன் கையாலேயே அவனை பஸ்ஸில் ஏற்றிவிட்டாய். அதை நீ எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னாய், அதுவும் அரிசி கழுவிக்கொண்டே.

அண்ணனின் கதை உனக்கு என்னைவிட நன்றாகப் பாடம். அவர் கூட்டங்களில் பேசினவர், நோட்டீஸ் ஒட்டினவர், ஊர்வலத்துக்கு ஆள் சேர்த்தவர். துவக்கு, ஆயுதம் ஒன்றும் தொட்டதில்லை. சண்டை முடிவதற்கு முன்னமே வவுனியாவில் வைத்துப் பிடித்தார்கள். தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வைத்தார், வைக்கும்வரை விடவில்லை. அந்தத் தாள்தான் வழக்கு, அந்தத் தாள்தான் சாட்சி, முடிவில் ஆயுள் தண்டனை. இளமை முழுக்க உள்ளே போன பிறகு, நிபந்தனையோடாவது வெளியில் விடுங்கள் என்று ஒரு மகஜர் கொடுக்கலாம் என்ற கதை வந்தது. கையெழுத்துச் சேர்க்க வேண்டும். யார் போடுவார்கள் என்று நான் தயங்கினேன்.

"எடியே, ஒரு கையெழுத்தால உள்ளுக்குப் போன மனுசனை இத்தினை சனத்தின்ர கையெழுத்தால வெளியில எடுக்கேலாதோ?" என்றாய்.

அடுத்த சனிக்கிழமை கரையிலிருந்து பஸ் ஏறி வந்தாய். விறாந்தையில் சப்பணம் கட்டி இருந்து, இந்த அடிமட்டத்தை வைத்து நீலப் பேனையால் நிரல் நிரலாகக் கீறினாய். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். அரசாங்கக் கச்சேரியில் அச்சடித்ததுபோல இருந்தது. என்னைக் கீற விடமாட்டாய். "நீ கீறினா வாய்க்கால் மாதிரிப் போகும்" என்பாய்.

அப்போது வீடு வீடாகப் போனது இப்போதும் காலில் நிற்கிறது. போட்டவர்கள் கனபேர். போடாமல் தேத்தண்ணி தந்து அனுப்பியவர்களும் கனபேர். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது, உனக்கு வரவில்லை. ஸ்கந்தபுரத்தில் ஒருவர், "பேரைப் போட்டா அவங்கள் வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்களே தங்கச்சி" என்றார். "வந்தா எங்களுக்குத் தந்த தேத்தண்ணியை அவையளுக்கும் குடுங்கோ அண்ணை" என்றாய். மனிதர் சிரித்துக்கொண்டே போட்டார். இலக்கத்துக்கு ஒருவரும் அடையாள அட்டையை எடுக்கப் போகவில்லை. வன்னியில் யாரை உலுப்பிக் கேட்டாலும் அந்த இலக்கம் வாயில் நிற்கும். அத்தனை சோதனைச் சாவடிகளில் சொல்லிச் சொல்லிப் பாடமான இலக்கம். தாய்மாருக்குத் தங்களுடையது மட்டுமல்ல, பிள்ளைகளின் இலக்கமும் பாடம். அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

கொழும்பிலிருந்து அதிகாரிகள் வவுனியாவுக்கு வந்து மனு வாங்குகிறார்கள் என்று செய்தி வந்தது. அண்ணனின் வழக்கைப் பார்த்த சட்டத்தரணிப் பிள்ளை தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு பெயர் பிழையாக இருந்தாலும், இல்லாத ஆளின் பெயர் ஒன்று இருந்தாலும், முழு மகஜரையும் கள்ளக் கையெழுத்து என்று தூக்கிப் போட்டுவிடுவார்களாம். கரைப்பக்கத் தாள்கள் நீ தனியாகச் சேர்த்தவை. முதல்நாள்தான் கொண்டுவந்து தந்தாய். காலை பஸ்ஸில், பரந்தன் கழிந்ததும் நீ என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு நித்திரையானாய். நான் கோப்பை மடியில் விரித்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன்.

உன் ஊர்த் தாளில் ஆறு பெயர்கள் எனக்கு ஏற்கெனவே தெரிந்தவை. ஆட்களைத் தெரியாது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி வீதியோரம் நீங்கள் இருக்கும் கொட்டிலில், படத்துக்குக் கீழே எழுதித் தொங்கும் பெயர்கள் அவை. ஒவ்வொன்றுக்கும் விலாசம் இருந்தது, அடையாள அட்டை இலக்கம் இருந்தது, அவரவர் தாயின் நடுங்கும் எழுத்தில் கையொப்பமும் இருந்தது. கடைசிப் பெயர் அன்ரன். உன் மகன். அது மட்டும் நடுங்கவில்லை.

உன்னை எழுப்பிக் கேட்டிருக்கலாம். எழுப்பவில்லை. எழுப்பினால், பெயர்களை வெட்ட நீ ஓம் என்று சொல்லமாட்டாய் என்று தெரியும். எனக்கு அண்ணன் வேண்டும். அதுதான் உண்மை, அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. கோப்புக்குள் கிடந்த அடிமட்டத்தை எடுத்தேன். பஸ் குலுங்கியது. நிற்கும்வரை பொறுத்திருந்து, ஆட்கள் ஏறி இறங்கும் நேரத்தில் ஒவ்வொரு பெயராக வெட்டினேன். மாங்குளத்துக்கு வந்தபோது அன்ரனின் முறை. அதையும் வெட்டினேன். ஒட்டிய மையைத் துடைக்க அடிமட்டத்தைத் திருப்பினேன். பின்பக்கத்தில் கவராயத்தின் கூர் முனையால் கீறிய எழுத்து: அன்ரன். இடம்பெயர்ந்து ஓடியபோது அவனுடைய புத்தகப் பையை நீ தூக்கிக்கொண்டு ஓடியதும், பை எங்கோ போய்க் கடைசியில் ஒரே ஒரு சாமான் மிஞ்சியதும் எனக்குத் தெரிந்த கதைதான். அது என்ன சாமான் என்று நான் கேட்டதில்லை.

ஓமந்தையில் கண் விழித்தாய். திறந்திருந்த தாளைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

மனு வாங்கிய மண்டபத்தில் அதிகாரி தாள்களைப் புரட்டினார். கருவாட்டு மணம் பிடித்திருக்க வேண்டும், இடையில் ஒருதரம் மூக்கைத் தேய்த்தார். வெட்டிய இடம் வந்ததும் நிறுத்தி, "இதென்ன, ஆறு பேரை வெட்டியிருக்கு?" என்றார். நீதான் சொன்னாய்.

"அவை இப்ப வீட்டில இல்லை ஐயா. வந்த உடனே திரும்பப் போடுவினம்."

அவர் உன்னையே பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார்.

திரும்பி வரும் வழியில் புளியங்குளம் தாண்டியதும், "கோணாமல் கீறியிருக்கிறாய்" என்றாய். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு நொந்திருக்காது. பிறகு என்னைப் பார்க்காமலே, "அவன் வந்தா கேப்பான், ஏனம்மா என்ர பேரை விட்டனி எண்டு. அதுக்குத்தான் போட்டனான்" என்றாய். இறங்கும்போது, "சரி, உன்ர அண்ணன் வரட்டும்" என்றாய்.

நீ இனி வரமாட்டாய் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை கோடு கீறிய புதுத் தாள்களோடு படலையில் நின்றாய். அடுத்த மகஜருக்காம். அதன்பிறகு எத்தனையோ மகஜர். பஸ்ஸில் நடந்ததைப் பற்றி நீ ஒரு வார்த்தை எடுக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அதைப் பற்றிக் கதைக்க வேண்டிவரும் என்ற பயம். நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்றே வருடங்கள் போயின.

ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கண்டபோது உன் கால் இரண்டும் வீங்கியிருந்தன. அன்றைக்காவது கேட்போம் என்று வாயெடுத்தேன். நீ தலையணைக்குக் கீழே கையைவிட்டு இதை எடுத்து என் கையில் வைத்தாய். "வைச்சிரு. இனி நீதான் கீற வேணும். வாய்க்கால் மாதிரிப் போனாலும் பரவாயில்லை" என்றாய். தாதி வந்து நேரம் முடிந்தது என்று சொல்லிவிட்டாள். நான் அடிமட்டத்தோடு வெளியே வந்தேன், சொல்ல வந்ததைச் சொல்லாமல்.

உன்னை அடக்கம் செய்து ஏழாவது மாதம் அண்ணனை விட்டார்கள். நிபந்தனையோடுதான். மாதம் ஒருதரம் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். நம்முடைய மகஜரை யாராவது படித்தார்களா என்று இன்றுவரை தெரியாது. படிக்காமலும் விட்டிருக்கலாம்.

வந்த மனிதர் எப்படி என்று நீ கேட்பாய். நல்ல சுகம். சாப்பிடுகிறார், வயலுக்கு வருகிறார். ஒரே ஒரு கரைச்சல்: எந்தத் தாளையும் முழுக்க வாசிக்காமல் கையெழுத்து வைக்கமாட்டார். குடும்ப அட்டையில் பெயர் பதியப் போன இடத்தில் படிவத்தை முன்னும் பின்னும் அரைமணித்தியாலம் வாசித்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கிராம சேவகர் பாவம், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படித்தான், கொடுக்கிற அன்றைக்கே எடுத்துவைத்த நம் மகஜர்களின் பிரதிகளையும் வாசிக்கத் தொடங்கினார். தனக்காகக் கையெழுத்து வைத்த எல்லோருடைய வீட்டுக்கும் போய் ஒரு சொல் சொல்லிவிட்டு வர வேண்டுமாம். விறாந்தையில் இருந்து ஒவ்வொரு பெயராக வாசிப்பார், சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார், வருவார், அடுத்த தாளை எடுப்பார். உன் ஊர்த் தாள் வரும் நாளை நான் பயத்தோடு பார்த்திருந்தேன். வந்தது.

"இவை ஆர் பிள்ளை? ஏன் வெட்டிக் கிடக்கு?"

சொன்னேன். பஸ், அடிமட்டம், உன் நித்திரை, எல்லாம். யாருக்கும் சொல்லாததை அவருக்குச் சொன்னேன். அழுதேன். அவர் ஏசவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்து, கோட்டுக்குக் கீழே இருந்த பெயர்களை மெல்ல வாசித்தார். "வாசிக்கலாம். நீ கோட்டைத்தான் கீறினனி. பேர் அப்பிடியே கிடக்கு" என்றார். மறுநாள் கரைக்குப் பஸ் ஏறினார். மற்ற ஐந்து தாய்மாரையும் கண்டார். உன் வீடு பூட்டிக் கிடந்ததாம். உன் மனுசன் முன்னமே கடலோடு போனவர், வேறு பிள்ளையுமில்லை. அன்ரனைத் தேடிய பதிவு உன் பெயரில்தான் இருந்தது. இனி அவனை யார் தேடுவது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

இன்றைக்குக் கொட்டிலில் அதற்குத்தான் புதுப் பட்டியல். தேடிய தாய் இறந்துபோனால் அந்தப் பிள்ளைக்கு இனி யார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். காலையில் விழுந்த அடிமட்டத்தைக் கொண்டுபோய் நான்தான் நிரல் கீறினேன். காணாமல் ஆக்கப்பட்டவர், தேடுபவர், உறவுமுறை, கையொப்பம். வாய்க்கால் மாதிரிப் போகவில்லை. நீ கீறியதுபோலவும் இல்லை. அண்ணனும் வந்திருந்தார். தாய்மாருக்குப் பின்னால் வாங்குப் பலகையில் இருந்தார். அன்ரனின் பெயரை எழுதிவிட்டு நான் பேனையைப் பிடித்தபடி நின்றேன். நண்பியின் மகன் என்று எழுதினால் சரிவருமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் எழும்பி வந்து தாளை வாங்கினார். வழக்கம்போல மேலிருந்து கீழே முழுக்க வாசித்தார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. தேடுபவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். கையொப்பம் வைத்தார். உறவுமுறை என்ற இடத்தில், சிறைக்குள் பழகிய அந்தச் சின்ன எழுத்தில் எழுதினார்: "எனக்காகக் கையெழுத்து வைத்தவர்."

அப்படி ஒரு உறவுமுறை இல்லை, அதிகாரிகள் ஏற்றுக்கொள்ளமாட்டார்கள், தாளைத் திருப்பி அனுப்பவும் கூடும். எனக்குத் தெரியும். பேனை பக்கத்தில்தான் கிடந்தது. உன் அடிமட்டம் என் கையில் இருந்தது.

நான் வெட்டவில்லையடி.