லாரியில் இடமில்லை

பிப்ரவரி 11

மழை இல்லை. மேல் நிலத்துத் தண்ணீர்த் தொட்டியில் மிதவை உடைந்து தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. பெவன் ஊரில் இருந்திருந்தால் புதியது வாங்கியிருப்பான். நான் பழைய கேன் மூடியை வெட்டிப் பொருத்தினேன். வேலை செய்கிறது.

நாளை வருகிறார்கள். என் மகன் பெவனும் மருமகள் ஜனைனும் லிதுவேனியா போய் ஆறு வாரம் ஆயிற்று. அங்கிருந்து இரண்டு பையன்களைத் தத்தெடுத்துக் கூட்டி வருகிறார்கள். அண்ணன் தம்பி. மூத்தவன் இக்னாஸுக்கு எட்டு வயது, இளையவன் வில்யுஸுக்கு ஐந்து. இதற்காக அந்த நாட்டு நீதிபதியிடம் கேட்டார்கள். நியூசிலாந்து அதிகாரிகளிடம் கேட்டார்கள். நற்சான்றுக் கடிதம் வேண்டும் என்று பக்கத்துப் பண்ணைக்காரனிடம்கூடக் கேட்டார்கள். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுபத்தாறு வயதில், கூலிக்கு ஒரு ஆளை வைத்துக்கொண்டு, ஆறு வாரம் நூற்று எண்பது மாடு கறக்க மட்டும் நான் வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 12

வந்தாயிற்று. இரண்டும் ஒல்லி. மூத்தவன் நேராக வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான், வங்கி மேலாளர் மாதிரி. இன்னொரு கையால் தம்பியின் சட்டையைப் பிடித்திருந்தான். விடவில்லை.

என்னைத் தாத்தா என்று கூப்பிடப் பழக்க வேண்டாம், அதோல் என்று பெயர் சொன்னால் போதும் என்று ஜனைனிடம் சொல்லிவிட்டேன். கேட்காமல் கொடுக்கிற பதவி எனக்கு வேண்டாம்.

பிப்ரவரி 21

மழை 9 மி.மீ.

நான் இருப்பது கறவைக் கொட்டகைக்குப் பக்கத்துச் சின்ன வீட்டில். பண்ணையைப் பெவனிடம் ஒப்படைத்தபோது பெரிய வீட்டையும் விட்டுக் கொடுத்துவிட்டேன். இன்று ஜனைன் வந்து படியில் உட்கார்ந்தாள். மூத்தவன்தான் தம்பியைக் குளிப்பாட்டுகிறானாம். கதவைச் சாத்திக்கொள்கிறானாம். எதைத் தட்டில் வைத்தாலும் தான் ஒரு வாய் தின்று பார்த்த பிறகுதான் தம்பிக்குத் தருகிறானாம்.

"வீட்டுக்கு ரெண்டு பிள்ளைங்க வரல மாமா. ஒரு பிள்ளையும் அவனோட அப்பாவும் வந்திருக்காங்க" என்றாள். "அந்த அப்பா எங்களை இன்னும் நம்பல."

எட்டு வயதுக்காரன் எட்டு வயதாக இருக்க வேண்டும், அதுதான் அவளுக்கு வேண்டுமாம். நல்ல ஆசைதான். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். கருத்துச் சொல்லவில்லை. என்னிடம் கருத்துக் கேட்கிற காலம் போய்விட்டது என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

மார்ச் 9

மழை 31. மூத்தவன் தம்பிக்கு ரப்பர் பூட்ஸ் மாட்டிவிட்டுத்தான் தன்னுடையதைத் தேடினான். இன்றும்.

மார்ச் 23

ஊர் நூலகத்தில் சொல்லி வைத்து, லிதுவேனிய அகராதி ஒன்று வெளியூரிலிருந்து வந்தது. பதினைந்து வயதில் பள்ளியை விட்டவன் நான். கறவை இயந்திரம், மின்வேலி, மாட்டு மருத்துவம் எல்லாம் புத்தகம் பார்த்துக் கற்றதுதான். இதற்கு மட்டும் வாத்தியார் எதற்கு?

வேலியோரம் நின்ற மாட்டைக் காட்டி "கார்வே" என்றேன். பசு என்று அர்த்தம். சின்னவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு அரை மணி நேரம் என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துத் திருத்தினான். மாட்டு விஷயத்தில் என்னைத் திருத்திய முதல் ஆள்.

மூத்தவன் சிரிக்கவில்லை. தம்பி வேலிக்கு எவ்வளவு கிட்டே நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தான். வேலியில் மின்சாரம் உண்டு. அவன் பார்த்தது சரி.

ஏப்ரல் 17

குழந்தைகள் நல அதிகாரி அம்மா வந்தார். லிதுவேனியாவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டுமாம். இக்னாஸிடம் உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். "என் தம்பிக்குப் பால் பிடிக்கும்" என்றான். உனக்கு, உனக்கு என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டிக் கேட்டார். யோசித்தான். "என் தம்பிக்கு டிராக்டரும் பிடிக்கும்" என்றான்.

ஜனைன் சமையலறைக்குள் போய்விட்டாள். பெவன் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தான். மேகம் மூடி மலை தெரியாத நாள் அது.

ஜூன் 2

குளிர்காலத்தின் முதல் பனி விழுந்து புல்வெளி முழுக்க வெள்ளை. நான் மூன்று கம்பளிச் சட்டை. பையன்கள் இருவரும் அரைக்கை. இதெல்லாம் ஒரு குளிரா என்கிறார்கள். திமிர்.

ஆகஸ்ட் 2

மழை 22. கன்று ஈனும் மும்முரம். இன்று மட்டும் பதினொன்று. 64ஆம் நம்பர் மாடு இரட்டை போட்டது, ஒரு காளை, ஒரு கிடாரி.

ஆகஸ்ட் 4

பள்ளியில் அக்டோபரில் கன்றுக்குட்டி நாள் வருகிறது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கன்றைத் தானே வளர்த்து, கயிற்றில் பிடித்து நடத்திக் காட்ட வேண்டும். பெவன் சின்ன வயதில் இரண்டு முறை முதல் பரிசு. பையன்களும் ஆளுக்கொரு கன்று எடுத்துக்கொள்ளலாம் என்று ஜனைன் சொல்லியிருக்கிறாள். பட்டியில் அறுபது நல்ல கிடாரிகள் இருக்க, போயும் போயும் 64இன் இரட்டைகள் வேண்டுமாம். இரண்டின் கழுத்திலும் சிவப்பு நூல் கட்டியிருக்கிறான் மூத்தவன்.

காளையோடு கூடப் பிறந்த கிடாரி பெரும்பாலும் மலடு. காளையால் பால் பண்ணைக்குப் பயனில்லை. இரண்டும் இறைச்சிக்கூட லாரிக்குத்தான். என் அப்பா காலத்திலிருந்து இந்தப் பண்ணையில் இரட்டை நின்றதில்லை. பெவனிடம் சொன்னேன். "நீங்களே பசங்ககிட்ட சொல்லுங்கப்பா" என்றான். நான் என்ன, தூது போகிறவனா?

ஆகஸ்ட் 7

மழை 4. எழுத்து கோணுகிறது.

காலையில் இரட்டைகளைச் சாலையோரப் பட்டியில் கொண்டுபோய் விட்டேன். சிவப்பு நூலை நான்தான் அவிழ்த்தேன். பெவன் கறவையில் இருந்தான். அவனிடம் சொல்லவில்லை. அறுபது வருஷம் யாரிடம் சொல்லிச் செய்தேன்? பள்ளிப் பேருந்து நிற்பது அந்தப் பட்டிக்குப் பக்கத்தில்தான் — எப்படி மறந்தேன்? மறந்தேனா? மறந்துதான் போச்சு. அவ்வளவுதான்.

எட்டேகாலுக்கு லாரி ஓட்டும் தமாட்டி போன் செய்தான். பத்து வருடமாக எங்கள் சாலையில் கன்று ஏற்றுகிறவன்.

"பெரியவரே, பட்டியில நாலு நிக்குது. நீங்க ரெண்டுன்னுதான் எழுதி வச்சிருக்கீங்க. மத்த ரெண்டும் பூட்ஸ் போட்டிருக்கு. என்ன பண்ணட்டும்?"

போனேன். பேருந்து போய்விட்டிருந்தது. வைக்கோலில் கன்றுகள் படுத்திருந்தன. சின்னவன் அவற்றுக்கு நடுவில். மூத்தவன் கேட்டுக்கு முன்னால், புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு. அழவில்லை. இந்த லாரி எங்கே போகிறது என்று கேட்டான். தமாட்டி தன் பூட்ஸைப் பார்த்தான். நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன்.

இக்னாஸ் எங்கள் இருவரையும் பார்த்தான். பிறகு தமாட்டியிடம் திரும்பி, வந்ததிலிருந்து அவன் பேசியதிலேயே நீளமான பேச்சைப் பேசினான். "நாங்களும் ஏறிக்கிறோம். நான் பின்னாடி, கன்னுக்குட்டிங்ககூட. தம்பிக்கு மட்டும் முன் சீட்டு வேணும். பின்னாடி உக்காந்தா அவன் வாந்தி எடுப்பான்."

தங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஆறு மாதமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். லாரி வந்தது கன்றுகளுக்கு மட்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. எல்லாருக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்து, தம்பிக்கு முன் சீட்டு கேட்கிறான்.

"லாரியில் இடமில்லை. பள்ளிக்குக் கிளம்பு" என்றேன். எங்கள் பண்ணைதான் தமாட்டிக்கு முதல் நிறுத்தம். லாரியின் பின்பக்கம் ஒரு குளம்புச் சத்தம் இல்லை.

"ஆமாப்பா. மூச்சு விட இடமில்ல" என்றான் தமாட்டி. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

பையன்களை நானே பள்ளியில் விட்டேன். இருவரையும் பின் சீட்டில் உட்கார வைத்தேன். பள்ளி வாசலில் வில்யுஸ் வாந்தி எடுத்தான். சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 8

பெவன் ஒரு மணி நேரம் கத்தினான். கத்தட்டும். பண்ணை விதியை நான் மாற்றவில்லை. லாரியில் இடமில்லை, அவ்வளவுதான். சிவப்பு நூலைத் திரும்பக் கட்டிவிட்டேன். என் முடிச்சு சரியில்லை என்று இக்னாஸ் அவிழ்த்துக் கட்டினான்.

செப்டம்பர் 20

மழை 17. பள்ளி முடிந்ததும் தினமும் கன்று நடத்தும் பயிற்சி. கன்று பையனை நடத்துகிறதா, பையன் கன்றை நடத்துகிறானா என்று தெரியவில்லை. மூத்தவன் இரண்டு கயிற்றையும் தானே பிடிக்கிறான். சின்னவன் கயிற்றின் நுனியை மட்டும் தொட்டுக்கொண்டு வருகிறான், கோயில் தேர் இழுக்கிற மாதிரி என்று கடைக்காரர் தேவராஜ் சொன்னார். அவர் ஊர்ப் பழக்கமாம்.

அக்டோபர் 24

மழை இல்லை. மலை முழுசாகத் தெரிந்தது. கன்றுக்குட்டி நாள்.

ஆறு வயதுக்குக் கீழே ஒரு வளையம், மேலே ஒரு வளையம், மைதானத்தின் இரண்டு கோடியில், ஒரே நேரத்தில். இதை யாரும் யோசிக்கவில்லை. பெயரைக் கூப்பிட்டார்கள். இக்னாஸ் நகரவில்லை. தம்பியோடுதான் போவேன் என்றான். ஜனைன் மண்டியிட்டுக் கெஞ்சினாள், நான் தம்பிகூட நிற்கிறேன் என்று. வேண்டாம் என்று தலையாட்டினான். பெவனுக்கும் அதே தலையாட்டல். இரண்டாவது முறை கூப்பிட்டார்கள்.

நான் போய், நான் நிற்கிறேன், என்ன செய்ய வேண்டும் சொல் என்றேன்.

என்னை மேலிருந்து கீழே பார்த்தான். லாரி பற்றி நான் சொன்ன பொய்யை நினைத்தானோ என்னவோ. பிறகு சொல்ல ஆரம்பித்தான். "பயம் வந்தா அவனுக்கு ஒண்ணுக்கு வரும். கேட்டா இல்லம்பான். கூட்டிட்டுப் போயிருங்க. கையைப் பிடிக்காதீங்க, அழுவான். சட்டையைப் பிடிங்க. இடது காதுல சரியா கேக்காது, வலது பக்கம் நில்லுங்க."

இடது காது விஷயம் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதிகாரிகளின் காகிதங்களிலும் இல்லை.

பண்ணையை ஒப்படைத்த அன்று நானும் பெவனுக்கு மூன்று தாள் எழுதிக் கொடுத்தேன், எந்தக் கேட் தொங்கும், எந்த மாடு உதைக்கும் என்று. அவன் நின்றுகொண்டே படித்தான். பாதியில் மடித்துவிட்டான். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் பென்சிலை எடுத்தேன். மெதுவாகச் சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன். எழுதி முடித்து அவனுக்கே படித்துக் காட்டினேன். "வலது பக்கம்" என்பதற்குக் கீழே கோடு போடச் சொன்னான். போட்டேன்.

போனான். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தான். நான் தாளைத் தூக்கிக் காட்டினேன். ஏழு முறை திரும்பினான். பிறகு அவன் கன்று இழுக்க ஆரம்பித்தது, அதைக் கவனிக்க வேண்டியிருந்தது.

அவனுக்கு மூன்றாம் பரிசு. சின்னவனின் கன்று வளையத்தின் நடுவில் படுத்துவிட்டது. படுத்த கன்றுக்கும் மதிப்பெண் தர வேண்டும் என்று நடுவரிடம் வாதாடினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு மாடு பற்றி ஒன்றும் தெரியாது.

நவம்பர் 15

பெவன் சின்னவனைக் காது மருத்துவரிடம் கூட்டிப் போனான். இக்னாஸ் பள்ளிக்குப் போனான். அவனாகவே.

நவம்பர் 30

இன்று ஜனைன் வில்யுஸைக் குளிப்பாட்டினாள். கதவு திறந்தே இருந்ததாம். அந்த நேரம் மூத்தவன் என் படியில் வந்து உட்கார்ந்தான். கையை என்ன செய்வது என்று தெரியாமல் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டான். உடைந்த நீர் பம்பு ஒன்றைக் கொடுத்துக் கழற்றச் சொன்னேன். கழற்றினான். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. எனக்கும்தான். மூன்று திருகு மிச்சம்.

டிசம்பர் 24

அவர்கள் நாட்டு வழக்கப்படி இன்று பன்னிரண்டு பதார்த்தம், ஒன்றிலும் இறைச்சி கிடையாது. எட்டு தட்டில் பீட்ரூட் இருந்தது. பேசாமல் தின்றேன். என் தட்டில் மிச்சம் இருப்பதைப் பார்த்து, "அதோல், தின்னுங்க" என்று அதட்டினான் வில்யுஸ். மேஜையில் எல்லாரும் சிரித்தார்கள். இக்னாஸும்.

பிப்ரவரி 12

மழை 2. பையன்கள் வந்து ஒரு வருஷம்.

சாயங்காலம் வில்யுஸ் தனியாக வந்தான். தனியாக. பிஸ்கட் டின்னைத் தானே இறக்கினான். அண்ணன் எங்கே என்று கேட்டேன். "தெரியாது" என்றான். வாய் நிறைய பிஸ்கட்.

சாப்பாட்டு நேரம் தாண்டி ஒரு மணி ஆன பிறகு, பக்கத்துப் பண்ணைப் பையன்களோடு ஓடைப் பக்கமிருந்து இக்னாஸ் வந்தான். இடுப்பு வரை சேறு. கையில் வாளி, வாளியில் விலாங்கு மீன். ஒரு பூட்ஸைக் காணோம். தம்பி எங்கே என்று அவனிடமும் கேட்டுப் பார்த்தேன். "வீட்ல இருப்பான்" என்றான். அவன் கண் விலாங்கை விட்டு நகரவில்லை.

பெரிய வீட்டிலிருந்து ஜனைன் திட்டுகிற சத்தம் இங்கே வரை கேட்டது. நேரம் தெரியாதா, பூட்ஸ் எங்கே, சேற்றோடு உள்ளே வராதே என்று. பத்து நிமிஷம். இக்னாஸ் பதிலுக்குப் பதில் பேசினான்.

பிறகு எனக்குப் போன் செய்தாள். சிரிப்பை அடக்குகிற குரல்.

"மாமா, கேட்டுச்சா? என்னை எதிர்த்துப் பேசறான்!"

கேட்டது என்றேன்.