மிஷின் படித்த சாக்பீஸ் கோடு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருப்பதால் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிகிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நான் பயம் என்று சொன்னால் அவள் அச்சம் என்று எழுதுகிறாள், அடித்துவிட்டுப் பயம் என்றே போடச் சொல்லியிருக்கிறேன். தபாலில் போட்டால் நாளாகும் என்பதால் அவளே படம் எடுத்து அனுப்பிவிடுவாள். போனில் பேச வழியில்லை, நான் போனை எடுத்தாலே அப்பா எதிரில் வந்து நின்று, எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்லும்படி ஜாடை காட்டுகிறார், நானும் அப்படியே சொல்லி வைத்துவிடுகிறேன்.

நன்றாக நடக்கவில்லை கண்ணு. நீ அங்கிருந்தே மனு எழுதிக் கொடுத்து நம் பட்டறைக்கு அரசாங்க மானியம் வரவைத்தாயே, அந்தப் பாட்டில் பார்க்கும் மிஷின் விஷயம்தான். மருந்து கம்பெனிக்குப் போகும் கண்ணாடி பாட்டில்களில் விரிசல் விட்டதைக் கேமராவே பார்த்து ஒதுக்க வேண்டும், அதுதானே நாம் சொன்ன சொல். படம் காட்டிக் காட்டித்தான் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றாய். நானும் நம் பட்டறை ஃபிட்டரும் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பிரித்தோம். பிரித்தது மறுபடி கலந்துவிடக் கூடாதே என்று விரிசல் விட்டதன் மேலெல்லாம் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிட்டேன். ஒதுக்கின சாமானுக்குக் கோடு போடுவது நம் பட்டறையில் என்றும் உள்ள பழக்கம், யார் கண்ணையும் அது உறுத்தவில்லை. கம்ப்யூட்டர் பார்க்க வந்திருக்கும் பெண் அதை அப்படியே படம் பிடித்து மிஷினுக்குக் காட்டினாள். மிஷினும் ஒன்றைக்கூட விடாமல் தட்டிவிட்டது, அப்பா தெருவில் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

போன வாரம் மானிய ஆபீசிலிருந்து அதிகாரிகள் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. ஆள் வருகிறார்கள் என்றாலே என் கை துணியைத் தேடும், உனக்குத் தெரியும். மேஜை, ஜன்னல், பாட்டில் ஓடும் பெல்ட் எல்லாம் துடைத்துவிட்டு, பாட்டிலும் தூசியாக இருக்கிறதே என்று ஈரத் துணியால் பளிச்சென்று துடைத்து வைத்தேன். ஒத்திகை பார்க்க அப்பா பெல்ட்டை ஓடவிட்டார். விரிசல் விட்ட பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ராஜா மாதிரி நல்ல பாட்டில் கூடையில் போய் உட்கார்ந்தன. அந்தக் கம்ப்யூட்டர் பெண், என்ன தோன்றியதோ, ஒரு நல்ல பாட்டிலில் சாக்பீஸ் கோடு போட்டு வைத்தாள். மிஷின் அதைத் தட்டித் தள்ளியது. ஃபிட்டர்தான், "அண்ணி, நாம சாக்பீஸ் கண்டுபிடிக்கிற மிஷின் செஞ்சிருக்கோம், ஏதாவது பள்ளிக்கூடத்துக்கு வித்துடலாம்" என்றார். சிரித்தது நான் ஒருத்திதான், அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

திரும்ப முதலிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டும், வேறு மாதிரி விளக்கும் போட வேண்டுமாம், இந்த வெளிச்சத்தில் கேமராவுக்கு விரிசலே தெரிவதில்லை. அதிகாரிகள் வருவதோ இந்தப் புதன்கிழமை. அன்றைக்கு மட்டும் பாட்டிலில் கோடு இருக்கட்டும், லேசாக, ஆள் கண்ணுக்குத் தெரியாத மாதிரி, மானியத்தின் அடுத்த தவணை வந்ததும் சரியாகச் செய்து முடித்துவிடலாம் என்கிறார் அப்பா. அந்தத் தவணையில்தான் ஃபிட்டருக்கும் அந்தப் பெண்ணுக்கும் சம்பளம், அதையும் நான் மறக்கவில்லை. மானியம் கொடுப்பதே புதிதாக ஒன்றை முயன்று பார்க்கத்தான், அது சரிவராவிட்டால் ஏன் சரிவரவில்லை என்று எழுதிக் கொடுத்து அவகாசம் கேட்கலாம் என்று நம் பிள்ளைதானே சொன்னான் என்றேன். "அவங்களுக்கு அது மானியம், எனக்கு மானம்டி. பையன் பேரு, அவன் படிப்பு எல்லாம் அந்த மனுவுல இருக்கு, தோத்துப்போச்சுன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். உன் பேரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் இந்தக் காரியத்துக்குத் துணிகிறார். ஆனால் மருந்து கம்பெனிக்காரரும் புதன்கிழமை வருகிறார், பிடித்திருந்தால் மிஷினைக் கையோடு கொண்டுபோய் ஓடவிடுவாராம். குழந்தைகளுக்கு ஊற்றும் இருமல் மருந்து அந்தப் பாட்டிலில்தான் போகிறது. போன மாதம் உன் தங்கை குடித்ததும் அதுவேதான். (அவ்வளவு கசப்பு, அண்ணா. இது மட்டும் நான் சொந்தமாக எழுதியது.)

புதன்கிழமை பெல்ட்டில் பாட்டில் வைக்கிற வேலை என்னுடையது. நான் துடைத்த பாட்டிலைத்தான் வைக்கப் போகிறேன். இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை, இரண்டு தடவை காபியோடு பக்கத்தில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அத்தனை பேர் நடுவில், என் கையால் அவர் இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது ராஜா. அதற்கு முன்னால் நீ கூப்பிட்டுப் பேசு. என் பேருக்காக எதையும் மறைக்க வேண்டாம் என்று உன் வாயால் சொன்னால் கேட்பார், நான் சொன்னால் அது வெறும் சண்டையாகத்தான் முடியும்.

ராத்திரி கண்விழித்து வேலை பார்க்காதே, குளிருக்குக் காதை மூடிக்கொள். எங்கே இருந்தாலும் உன் தலைமேல் என் கை இருக்கிறது, நன்றாக இரு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், போன் போட்டதும் மிஷினைப் பற்றி ஆரம்பிக்காதே. அப்பா, நீங்க எப்படி இருக்கீங்க என்று கேள். இந்த மானியம் வந்ததிலிருந்து நீ அதைக் கேட்கவே இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
(கையெழுத்து மட்டும் தங்கையுடையது)