பூண்டும் கற்பூரவல்லியும் போட்ட காளான்

பட்டரவாக்கம்,
26-9-1973, புதன்கிழமை.

அன்பு மகள் புஷ்பாவுக்கு உன் நைனா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அந்த மலைக்குளிரில் உன் இருமல் நின்றதா, ராத்திரி டியூட்டி மாறியதா என்று தெரிந்தால்தான் எங்களுக்கு இங்கே சோறு இறங்கும். எதை முதலில் எழுதுவது என்று தெரியாமல் கை பரபரக்கிறது, அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் காளான் சமைத்தோம். நீ எழுதியிருந்தபடியே வெண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டுச் சமைத்தோம். கரண்டி பிடித்துக் கிளறியது நான். தட்டில் போட்டுச் சாப்பிட்டதும் நான். திங்கள் போய், செவ்வாய் போய், இன்று புதன் சாயங்காலம், எனக்கும் அம்மாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்று நாள் முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பேனாவை எடுத்திருக்கிறேன். ஏன் மூன்று நாள் என்று நீ கேட்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

முதலில் அந்தத் தந்திக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆகஸ்ட் மாதம் உன் கடிதம் வந்தது. நீயும் உன்னோடு தங்கியிருக்கிற அந்த நர்ஸ் பெண்ணும் சிம்லா கடைவீதியில் காளான் வாங்கி வந்து அறையிலேயே சமைத்துச் சாப்பிடுவதாக எழுதியிருந்தாய். காளான் என்கிற வார்த்தையைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. அதற்கு மேல் ஒரு வரி படிக்கவில்லை, கடிதத்தை நாலாய்க் கிழித்துப் போட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் அம்பத்தூர் தபாலாபீசுக்குப் போனேன். அங்கே தந்தி வாங்குகிற ஜானகிராமன் ஃபாரத்தை இரண்டு தரம் படித்துப் பார்த்து, "காளான் சாப்பிடாதே, அப்பா, இவ்வளவுதானா? வேற விஷயம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். இவ்வளவுதான் சார், உடனே அனுப்புங்கள் என்றேன். தந்தி என்றதும் நீ பயந்துபோய் உறையைத் தொடவே இல்லை என்றும், மேட்ரன் அம்மாதான் உன்னை வார்டிலேயே உட்கார வைத்து உறையைப் பிரித்துப் படித்தார் என்றும், படித்துவிட்டு அவரும் நீயும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள் என்றும் நீ கோபமாக எழுதியிருந்தாய். உன் கோபம் நியாயம். "ஏன் நைனா, என்ன காரணம்?" என்று நீ கேட்ட கேள்விக்கு ஒரு மாதமாக நான் பதில் போடவில்லை. காரணம் எனக்கு வாயில் வரவில்லை அம்மா. போன ஞாயிற்றுக்கிழமை வரை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள் என்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் ஜுரத்தில் போய்விட்டாள் என்று சொல்லியிருக்கிறேன். அது பொய். அவள் பெயர் பொன்னியம்மா. அந்தப் பெயரைக் காகிதத்தில் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். அவளுக்கு ஏழு வயது, எனக்குப் பதினொன்று. ஒரு ஐப்பசி மழைக்குக் கொரட்டூர் ஏரிக்கரை ஓரம் வெள்ளை வெளேரென்று காளான் முளைத்திருந்தது. நான்தான் துண்டில் கட்டிக்கொண்டு வந்தேன். ஒரு கைப்பிடி இருக்கும், எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் வீட்டில் வதக்கிக் கொடுத்தார்கள். அவள் தன் பங்கைத் தின்றுவிட்டு, "அண்ணா, உன்னுதையும் குடேன்" என்றாள். கொடுத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க விளையாடிக்கொண்டுதான் இருந்தாள். மறுநாள் விடியும்போது வாந்தி எடுத்தாள், கொஞ்சம் தேறின மாதிரி இருந்தது, மூன்றாம் நாள் போய்விட்டாள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அடிக்கவும் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவள் பெயரும் எடுபடவில்லை, காளானும் வாசற்படி ஏறவில்லை. நீ சிறு பிள்ளையாய் இருந்தபோது மழை விட்டதும் உன்னை வெளியே விடாமல் நான் திட்டுவேனே, சேற்றுக்குப் பயந்தல்ல.

நான் கிழித்துப் போட்ட கடிதத்தை உன் அம்மா பொறுக்கி எடுத்துக் கஞ்சி தடவி ஒரு பழைய காலண்டர் அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியவே தெரியாது. அவளுக்குப் படிக்க வராது என்றாலும் நீ எழுதியதாயிற்றே. இதற்கிடையில் எங்கள் கம்பெனியில் எனக்கு அடுத்த லேத்தில் நிற்கிறானே வேம்புலி, அவன் சம்சாரம் குப்பம்மா வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் வைக்கோலில் காளான் வளர்க்கிறாள் என்று தெருவெல்லாம் ஒரே பேச்சு. கவர்மெண்டு கிராம சேவிகா வந்து சொல்லிக்கொடுத்துக் காளான் விதை பாட்டிலும் கொடுத்துவிட்டுப் போனாராம். உன் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தினமும் மத்தியானம் அங்கே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் வேலை விட்டு வந்து பார்க்கிறேன், நம் கிணற்றடிச் சார்ப்பில் வைக்கோல் கட்டுகளை நனைத்துக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பிளாஸ்டிக் தாள் போர்த்தி வைத்திருக்கிறாள். என்ன இது என்று கேட்டேன். "காளான்" என்றாள். நான் திரும்பி நடந்து கட்டிலில் படுத்துவிட்டேன். நாலு நாள் அவளோடு பேசவில்லை. அவளும் சளைக்கவில்லை, வேளாவேளைக்குச் சோறு போட்டாள், வேளாவேளைக்கு வைக்கோலுக்குத் தண்ணீர் தெளித்தாள்.

பேச்சு விட்ட ஐந்தாம் நாள் குப்பம்மாவே வீட்டுக்கு வந்தாள். வேம்புலி அவளிடம் சொல்லியிருப்பான் போலிருக்கிறது, நான் கம்பெனியிலும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று. அவள் வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டாள்: "இன்னா அண்ணாத்தே, நான் இன்னா வெசமா வெச்சிக்கினு கீறேன்? ஏரிக்கரைல தானா மொளச்சது யாரு பெத்ததுன்னு தெரியாது. இது நான் வெத போட்டு, பொழுதுக்கும் பாத்துக்கினு, வளத்தது. ஒரு மாசமா ஊட்ல அத்தினி பேரும் துன்னுகினு கீறோம்." அவளுக்கு என் கதை ஒன்றும் தெரியாது, வாய்க்கு வந்ததைத்தான் சொன்னாள். ஆனால் யார் பெற்றது என்று தெரியாது என்று சொன்னாளே, அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து காலையில் பல் தேய்க்கப் போகும்போது தாளைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் வெறும் வெள்ளைப் பூசணம் மாதிரி நூல் ஓடியது. பிறகு கடுகு மாதிரி புள்ளிகள். அப்புறம் சுண்டைக்காய். சனிக்கிழமை பார்க்கிறேன், புறா முட்டை மாதிரி கொத்துக் கொத்தாக வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. அதே வடிவம் அம்மா, ஏரிக்கரையில் பார்த்த அதே முட்டை வடிவம். தாளை மூடிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. காலை பத்து மணிக்கு அம்மா ஒரு கூடை பறித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். கூடவே அந்தக் காலண்டர் அட்டையையும் வைத்தாள். "படிங்க. எப்டிச் சமைக்கணும்னு இதுல எழுதிக்கீறேன்னு ரெண்டாவது கடுதாசில உங்க பொண்ணு சொல்லிக்கீதே. எனக்குப் படிக்கத் தெரிஞ்சா உங்களக் கேக்கவே மாட்டேன்" என்றாள். படிக்க முடியாது என்றேன். "சரி, நானே எனக்குத் தோணினபடி பண்ணித் துன்றேன்" என்று எழுந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள் என்று உனக்குத் தெரியும். அவளைத் தடுக்கத்தான் நான் வாயைத் திறந்தேன், ஆனால் வந்தது பொன்னியம்மாவின் கதை. அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு அவளும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு, "அதான் இருவத்தஞ்சு வருசமா தட்டுல இன்னா போட்டாலும் ஒரு தபா மோந்து பாத்துட்டுத் துன்றீங்களா" என்றாள். அப்புறம், "அப்ப நீங்களும் சின்னப் புள்ளதானே" என்றாள். முப்பத்தைந்து வருஷத்தில் இதை என்னிடம் யாரும் சொன்னதில்லை. நானும் யாரையும் சொல்ல விட்டதில்லை.

அதற்குப் பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். அடுத்த வரியிலேயே நீ எழுதியிருக்கிறாய், இது மலையில் பறித்தது இல்லை, தோட்டத்தில் விதை போட்டு வளர்த்து விற்பது என்று. அந்த ஒரு வரியை மட்டும் அன்றைக்குப் படித்திருந்தால் தந்தியும் இல்லை, உன் கோபமும் இல்லை. சரி, சமையலுக்கு வருகிறேன். தண்ணீரில் ஊறப்போடக் கூடாது என்று நீ எழுதியபடி ஈரத்துணியால் துடைத்து, வைக்கோல் துணுக்கை எடுத்துவிட்டு, இரண்டிரண்டாக அரிந்தோம். பால்காரம்மா ராஜம்மாவிடம் வாங்கிய எருமை வெண்ணெயை இரும்பு வாணலியில் போட்டு நுரை அடங்கியதும் காளானைக் கொட்டினோம். நான் படிக்க அவள் செய்வது என்று ஆரம்பித்தது, ஆனால் அவள் நாலைந்து கை சேர்த்துப் போடப் பார்த்தாள், கும்பலாகப் போட்டால் வேகாது, புழுங்கிவிடும் என்று நீ எழுதியிருந்ததைச் சொல்லிக் கரண்டியை நான் வாங்கிக்கொண்டேன். அட்டையை அவள் கையில் கொடுத்து எனக்கு நேரே பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பம்ப் ஸ்டவ்வை நன்றாக எரியவிட்டேன். காளான் தண்ணீர் விட்டது, விட்ட தண்ணீர் சுண்டியது, ஓரமெல்லாம் பொன்னாய்ச் சிவந்தது. அப்புறம்தான் பூண்டு, முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும் என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தாய். எத்தனை பல் என்கிற இடத்தில் நான் கிழித்த கிழிசல். ஆறு என்றேன் நான், பத்து என்றாள் அவள், பத்துதான் போட்டோம். பச்சை மலை இலை ஒன்று சொல்லியிருந்தாய், ஓம வாசனை வரும் என்று. அது இங்கே ஏது என்று நான் யோசிப்பதற்குள் அம்மா பின்பக்கம் போய்க் கற்பூரவல்லி நாலு இலை கிள்ளி வந்து பொடியாக நறுக்கிவிட்டாள், கூடக் கொஞ்சம் கொத்தமல்லித் தழை. அடுப்பை அணைத்துவிட்டு இலையைத் தூவி, உப்பும் மிளகுத் தூளும் போட்டுக் கிளறினேன். அடடா புஷ்பா, அந்த வாசனையை எப்படி எழுதுவேன். பூண்டு வெண்ணெயில் சிவந்து, மேலே அந்த ஓம மணம் ஏறி, நம் சின்ன அடுப்பங்கரை கொள்ளவில்லை.

நான் தட்டை எடுப்பதற்குள் அம்மா வாணலியிலிருந்தே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். எனக்கு உயிரே நின்றுவிட்டது. அவள் மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள், சூடு பொறுக்காமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, "கொஞ்சம் உப்பு தூக்கல்" என்றாள். இரண்டாவது துண்டு நான். மூன்றாவதும் நான். மெத்தென்று, கடித்தால் வெண்ணெயும் சாறும் வருகிறது, கறி மாதிரியும் இல்லை, காய் மாதிரியும் இல்லை. ரசம் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு வாணலியையே துடைத்துவிட்டோம். ஆனால் பயம் அதோடு விட்டுவிடவில்லை, ஒளிக்காமல் சொல்கிறேன். திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. வேம்புலியிடம், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் என்று, சைக்கிளைத் தயாராக வைக்கச் சொன்னேன், அவன் சிரித்துக்கொண்டே, "நான் கீறேன் அண்ணாத்தே, நீ பயப்படாத" என்றான். அன்றைக்கு விடிந்ததுமே உன் அம்மா எழுந்து வாசல் தெளித்தாள், கோலம் போட்டாள், என்னைப் பார்த்து, "இன்னும் உயிரோடதான் கீறேன்" என்றாள். செவ்வாய் அப்படியே போயிற்று. இன்று கம்பெனிக்குப் போய்விட்டு வந்து, இரண்டாவது தடவை முளைத்ததை நானே பறித்து நானே சமைத்தேன், உப்பைக் குறைத்துப் போட்டு. பக்கத்து வீட்டு கன்னியம்மாள், இது கவிச்சியா, புரட்டாசியில் சாப்பிடலாமா என்று கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குள் ஒரு கிண்ணம் வாங்கிப் போய்விட்டாள்.

இனி முக்கியமான விஷயம். அட்டையில் ஒட்டிய கடிதத்தின் கடைசிப் பக்கத்தை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் படித்தேன். டில்லியில் ஆபரேஷன் தியேட்டர் வேலைக்கு ஒரு வருஷப் படிப்புக்கு உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அக்டோபர் பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும், நைனா சம்மதித்தால்தான் போவேன் என்று எழுதியிருக்கிறாய். ஒரு மாதமாக இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் நீ எப்படித் தவித்திருப்பாய். அதற்குப் பிறகு எழுதிய கடிதத்திலும் இதைப் பற்றி நீ மூச்சு விடவில்லை, தந்தி அடித்த அப்பனிடம் இன்னொரு விஷயம் கேட்க உனக்கு மனம் வரவில்லை போலும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இதைப் படித்திருந்தால் நான் கட்டாயம் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், ஊருக்குத் திரும்பி வா என்றிருப்பேன். இப்போது சொல்கிறேன், நீ போ. தாராளமாகப் போய்ப் படி. அங்கே என்ன சாப்பிடுகிறாய், யாரோடு போகிறாய் என்று நான் இங்கிருந்து உன் கையைப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டேன். அம்மாவும் இதையே சொல்லச் சொன்னாள், எனக்கு முன்னாலேயே அவள் தீர்மானித்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

கம்பளிச் சட்டை போடாமல் வார்டை விட்டு வெளியே வராதே. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள். காளான் கடையில் விற்பதை வாங்கி எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடு. மலைச்சரிவில் முளைத்ததை மட்டும், யார் நல்லது என்று சொன்னாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும், தொடாதே. இந்த ஒன்றை மட்டும் உன் அத்தைக்காகக் கேட்டுக்கொள். உன் கை ராசியாக இருக்கட்டும், அந்தக் கையால் பிழைக்கிறவர்கள் எல்லாரும் உன்னை வாழ்த்தட்டும், நீ நூறு வயது நன்றாக இரு. டில்லிக்கு எந்தத் தேதியில் ரயில் ஏறுகிறாய் என்று எழுது.

இப்படிக்கு,
உன் நைனா
பரந்தாமன்,
உன் அம்மா தாட்சாயிணியின் முத்தங்களோடு.